பிக்கறிங் எண்டால் எந்தப் பிக்கறிங்?

பிக்கறிங், ஒன்ராறியோ
18.01.2004

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் எல்லாரின்ர சுகத்துக்கும் நல்லூரானை வேண்டுறன். கார்த்திகையில போட்ட கடிதம் வந்து ஏழு கிழமையாகுது. பதில் போடாமல் விட்டது என்ர பிழைதான், கோவிக்காதேங்கோ. ரெலிபோனில எவ்வளவு கதைச்சாலும் அப்பாவுக்குக் கடிதம் வந்தால்தான் மனம் ஆறும் எண்டு எனக்குத் தெரியும்.

அப்பா, பழைய அற்லசில தேடிப்போட்டு, பிக்கறிங் இங்கிலாந்தில யோர்க்சயரில எல்லோ கிடக்கு, நீ எந்த நாட்டில இருக்கிறாய் எண்டு கேட்டிருந்தீங்கள். அம்மா ஓரத்தில “உண்மையைச் சொல்லு ராசா” எண்டு எழுதினதை வாசிக்க எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. சத்தியமா நான் கனடாவிலதான் இருக்கிறன் அம்மா. ரொறன்ரோவுக்குக் கிழக்க, ஏரிக்கரையில. அற்லசும் பிழையில்லை. அது தாய் ஊர், இது அதின்ர பேரை வைச்ச ஊர்.

1790களில சிம்கோ எண்ட தேசாதிபதி இங்க இருக்கேக்க யோர்க்சயர்ப் பேர்களைக் கொண்டுவந்து ஏரிக்கரை வழிய வைச்சிருக்கினம். ஸ்காபரோ, பிக்கறிங், விற்பி. மூண்டும் அங்கயும் கிட்டக் கிட்டத்தான், இங்கயும் கிட்டக் கிட்டத்தான். ஸ்காபரோவுக்குப் பேர் வைச்சது சிம்கோவின்ர மனுசி. 1793 இல கரையோர மலைமுகப்பைக் கண்ட உடன அந்த ஸ்காபரோக் கரை ஞாபகம் வந்ததாம். ரொறன்ரோவையே யோர்க் எண்டு மாத்தி, 1834 இல திரும்பப் பழைய பேருக்கு வந்திருக்கினம். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், வேலணைப் பக்கத்துக்கு லைடன் எண்டு ஒல்லாந்தர் தங்கட ஊர்ப் பேரை வைச்ச கதையை நீங்கள் கரும்பலகையில படம் கீறிப் படிப்பிச்சது அப்படியே ஞாபகம் வந்தது. சிங்கப்பூரில பெரியப்பு இருந்த இடத்துக்குக் கிட்ட பிக்கறிங் ஸ்ட்ரீற் எண்டு ஒண்டிருக்கு எண்டும் எழுதியிருந்தீங்கள். அது ஊரின்ர பேரில்லை, ஆளின்ர பேர். சீனரின்ர பாசை கதைக்கத் தெரிஞ்ச வெள்ளைக்காரர். 1877 இல அவரைத்தான் அங்க சீனர் விவகாரத்துக்குப் பொறுப்பா வைச்சவை.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றிச் சொன்னனான் எல்லே. அவர் பிறந்தது அந்த யோர்க்சயர்ப் பிக்கறிங்கில. பேருக்காகவே இந்த ஊரில வீடு வாங்கினவராம். போன ஓகஸ்ட் 14 இல அமெரிக்காவின்ர வடகிழக்குப் பக்கமும் ஒன்ராறியோவும் ஒண்டாக் கரண்ட் இல்லாமல் நிண்டுதே, அண்டைக்குத்தான் பழக்கமானது. 1971 இலிருந்து அணு மின்சாரம் எடுக்கிற ஊர் இது, அதுவும் ஒரே இருட்டு. சனம் அந்தரப்பட்டு மெழுகுதிரி தேடி ஓடிச்சுது. நான் சீலைத் துண்டைத் திரிச்சு, சமையல் எண்ணெயில தோய்ச்சு, ஜாம் போத்திலில விளக்குக் கொளுத்தி ஒண்டைக் கொண்டுபோய் அவரின்ர வாசல்படியில வைச்சன். எங்க பழகினாய் எண்டு கேட்டார். ஊரில ஆறு வருசம் இதிலதான் படிச்சனாங்கள் எண்டன். ஒண்டும் பேசாமல் உள்ள போய், பேப்பரில சுத்தி ஒரு துண்டுக் கேக் கொண்டுவந்து தந்தார். அண்டையிலிருந்து ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணி அங்கதான்.

அவரின்ர குசினிச் சுவர் முழுக்க அந்த ஊர்தான். கல்லுக்கோட்டை, சுவரில 15 ஆம் நூற்றாண்டு ஓவியம் கிடக்கிற தேவாலயம், நீராவி ரெயின். விற்பிக்கும் பிக்கறிங்குக்கும் இடையில 1836 இல போட்ட பாதையாம். 1965 இல மூடிப்போட்டினம். அந்தப் பக்கத்துச் சனம் விடாமல் நிண்டு 1973 இல திரும்ப நீராவி ரெயினை ஓட வைச்சிருக்கினம். இதைக் கேக்கேக்க சுன்னாகம் ஸ்ரேசன் கண்ணுக்க வந்து நிண்டுது அப்பா. 90 ஆனியில யாழ்தேவி ரெயின் ஓடாமல் நிண்டது. இப்ப தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்க் கட்டையும் இல்லை எண்டு எழுதியிருந்தீங்கள். பாதை போன மண் கிடக்குத்தானே. அதில ஆரும் வேலி போட விடாதேங்கோ.

ஊருக்குப் பேர் வந்த கதையும் சொன்னார். அந்தக் காலத்து ராசா ஒருவரின்ர மோதிரம் காணாமல் போச்சுதாம். ஒரு பெட்டை களவெடுத்துப் போட்டாள் எண்டு பழி போட்டாராம். அண்டைக்குச் சமைக்க ஆத்தில பிடிச்ச மீனை அறுத்தால் அதுக்குள்ள மோதிரம். மீனுக்கு அவையின்ர பாசையில பைக், மோதிரத்துக்கு ரிங், அதுதான் பிக்கறிங் எண்டு கதை. ராசா அந்தப் பெட்டையையே கலியாணம் முடிச்சாராம். நான் உடன எங்கட சகுந்தலையின்ர மோதிரக் கதையைச் சொன்னன். கிழவர் எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் இருந்தார்.

சனி ஞாயிறில நூலகத்துக்குப் போறனான். நல்ல சூடு, இரவு வரைக்கும் இருக்கலாம். அங்க வாசிச்ச ஒண்டை வசந்திக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. எட்வேர்ட் பிக்கறிங் எண்டு ஹார்வர்ட் வானாய்வகத்தை 1877 இலிருந்து நடத்தினவர். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த வில்லியமினா பிளெமிங் எண்ட பெண்ணைப் புருசன் விட்டிட்டுப் போக, அவ இவரின்ர வீட்டில வேலை செய்திருக்கிறா. பிக்கறிங் அவவை வானாய்வகத்துக்கு எடுத்து, படத்தட்டில நட்சத்திரம் பாக்கப் பழக்கியிருக்கிறார். பிறகு ஆயிரக்கணக்கான நட்சத்திரத்தை வகை பிரிச்சு, குதிரைத் தலை மாதிரி ஒரு மேகத்தையும் வானத்தில கண்டுபிடிச்சவ. கம்பஸ், பல்கலைக்கழகம் கிடைக்கேல்லை எண்டு வசந்தி அழ வேண்டாம். தம்பிக்கும் ஒண்டு: எட்வேர்டின்ர தம்பி வில்லியம் 1899 இல சனிக்கோளின்ர ஃபீபி எண்ட சந்திரனைக் கண்டவர். நிலாவில ஒரு பள்ளத்துக்கு இந்த ரெண்டு பேரின்ர பேரும் சேர்த்துப் பிக்கறிங் எண்டுதான்.

குளிரைப் பற்றிக் கேட்டீங்கள். இந்தக் கிழமை கடும் குளிர், ஆனா பழகியிட்டுது. ஹீற்றரைக் குறைச்சுத்தான் வைக்கிறனான், கனக்கச் சூடு எண்டால் எனக்குத் தலையிடி. என்னோட இருந்த கரன் மார்க்கம் எண்ட ஊருக்குப் போட்டான், இப்ப பேஸ்மென்ற் முழுக்க எனக்குத்தான், நல்ல வசதி. பொங்கலுக்குச் சின்னச் சட்டியில பொங்கினன். பால் பொங்கி வரேக்க வழக்கம்போல “பொங்கலோ பொங்கல்” எண்டு வாய் திறந்தன். சத்தம் வரேல்லை. அம்மா, நீங்கள் முத்தத்தில கோலம் போட்டு, புகைக்குள்ள கண்ணைக் கசக்கிக்கொண்டு, “ராசா, தேங்காய் உடை” எண்டு கூப்பிடுவீங்களே, அந்தக் குரலைக் கேக்க வேணும் போல கிடக்கு. இங்க மீன் வாங்கிறனான், ஐஸில கிடக்கிறது. சுன்னாகச் சந்தையில நீங்கள் செவுளைப் பிரிச்சுப் பாத்து வாங்கிற விளைமீன் குழம்பு இப்ப நாக்கில நிக்குது. சரி, அதை விடுங்கோ.

அடைவு விசயம். என்ர பயணத்துக்கு வைச்ச அப்பாவின்ர கலியாண மோதிரத்துக்குச் சித்திரையோட தவணை முடியுது. முதல் அதை மீளுங்கோ, சங்கிலியைப் பிறகு பாப்பம். உண்டியல்காரர் மூலம் அனுப்புற காசு இந்த மாதம் கொஞ்சம் குறையும், மாசியில சேர்த்து அனுப்புவன், வேற ஒண்டும் யோசிக்காதேங்கோ. வட்டியோட எவ்வளவு எண்டு சீட்டைப் பாத்து எழுதுங்கோ.

வசந்தியின்ர கலியாணப் பேச்சுக்கால் சரிவந்தால் கிழக்கால கிடக்கிற நாலு பரப்புக் காணியையும் சீதனமா எழுத எனக்கு முழுச் சம்மதம். அந்தக் காணி உறுதியில “புளியடி வளவு” எண்டிருக்கோ, பேரனாரின்ர காலத்து மற்றப் பேரில இருக்கோ எண்டு பரமு மாமாவைக் கொண்டு பாருங்கோ. நொத்தாரிசு சுருக்கமா இலக்கத்தை மட்டும் போடுவம் எண்டு சொன்னாலும் விடாதேங்கோ, வளவின்ர பேர் உறுதியில வரவேணும்.

கிளி அக்காவின்ர பிள்ளைக்குக் கண்ணாடி எடுத்தாச்சோ?

அன்பு மகன்,
ராசன்

முகவரியில கனடா எண்டதைப் பெரிசா எழுதி அடியில கோடு போடுங்கோ அப்பா.