பெல்ட்டைக் கழற்றிய வாரத்தில் ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

முதுகெலும்பு வளைவுக்காக என் மகள் உடம்பைச் சுற்றிப் போட்டிருந்த கெட்டியான பிளாஸ்டிக் பெல்ட்டைப் போன வாரம் டாக்டர் கழற்றச் சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பில் போட்டது, இப்போது பத்தாம் வகுப்பு. ஆபரேஷன் இல்லாமல் கரையேறிவிட்டோம். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, துணை நின்ற ஒவ்வொருவரையும் நினைத்து இதை எழுதுகிறேன்.

பி.டி. டீச்சர், முதல் நன்றி உங்களுக்கு. குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னபோது இவள் முதுகில் வலப்பக்கம் மட்டும் மேடாக எழும்பியதைக் கவனித்தவர் நீங்கள்தான். தினமும் தலை பின்னிவிடுகிற என் கண்ணில் அது படவில்லை. அன்று சாயங்காலமே வீடு தேடி வந்து, பிள்ளை காதில் விழாதபடி என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துச் சொன்னீர்கள். அந்தப் பக்குவம் எத்தனை பேருக்கு வரும்!

அதன் பிறகு இரண்டு மாதத்தை நாங்களே வீணடித்தோம். எண்ணெய் போட்டு நீவினால் நிமிர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பிவிட்டோம். வளர்கிற வயதில் இரண்டு மாதம் பெரிய காலம். இதைப் படிக்கிற தாய்மார்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

தஞ்சாவூர் டாக்டர் ஐயா, எக்ஸ்ரேயில் கோடு போட்டு அளந்து 29 டிகிரி என்றீர்கள். புத்தகப் பையை அவ்வளவு கனமாகச் சுமக்க விட்டேனே என்று நான் அழுதேன். "பையும் காரணமில்லம்மா, நீங்களும் காரணமில்ல. இந்த வயசுல வர்ற வளைவுல பெரும்பாலானதுக்கு இன்னதுதான் காரணம்னு இன்னும் யாருக்கும் தெரியாது" என்றீர்கள். பல நாளுக்குப் பிறகு அன்று ராத்திரிதான் தூங்கினேன்.

நீங்கள் முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிற டாக்டர். கத்தி வைக்க வேண்டும் என்றிருந்தாலும் தலையாட்டியிருப்போம். நீங்களோ ஒரு தாளை எடுத்து, அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக டாக்டர் ஸ்டூவர்ட் வெய்ன்ஸ்டீன் தலைமையில் நடந்து 2013இல் வெளியான ஆராய்ச்சியை எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள். அமெரிக்கா, கனடாவில் 242 பிள்ளைகள். பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு, ஆபரேஷனைப் பற்றி யோசிக்க வைக்கிற 50 டிகிரியைத் தொடவில்லை. போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் அது 48 சதவீதம். "போடாமலேயே பாதிப் பேர் தப்பிச்சிருக்காங்களே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "அந்தப் பாதியில உங்க பொண்ணு இருக்காளான்னு இப்பவே சொல்ல என்கிட்ட வழியில்லைங்க" என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். அந்த நேர்மைதான் எங்களைச் சம்மதிக்க வைத்தது.

பிள்ளைகள் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று பார்க்க, உடம்புச் சூட்டைப் பதியும் சின்னக் கருவியைப் பெல்ட்டுக்குள்ளேயே வைத்தார்களாம். நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமோ அதற்கு மேலோ போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பலித்திருக்கிறது. அதைக் கேட்ட அன்றிலிருந்து என் மகள் தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்முன் அதில் மணிக்கணக்கை எழுத ஆரம்பித்தாள். 18, 17, 18. காய்ச்சலில் கிடந்த நாளில் 9 என்று எழுதிவிட்டு அழுதாள். முகம் தெரியாத அந்த 242 பிள்ளைகளுக்கும் என் கையெடுத்த கும்பிடு.

பெல்ட் செய்து கொடுத்த தம்பி, இடுப்பில் உரசுகிறது என்று சொன்ன போதெல்லாம் முகம் சுளிக்காமல் விளிம்பைச் சூடுகாட்டி வளைத்துத் தந்தீர்கள். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா, தையல் தோலில் அழுந்தாமல் வெளிப்பக்கம் வரும்படி எட்டு பருத்தி பனியன் தைத்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போன ராத்திரிகளில் பனைவிசிறியோடு பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியாருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? "பொண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா?" என்று கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பியதும் அவர்தான்.

கடைசி எக்ஸ்ரேயில் 31 டிகிரி. இரண்டு டிகிரி வித்தியாசம் அளவெடுப்பதிலேயே வரக்கூடியதுதான் என்றார் டாக்டர். வளைவு போய்விடவில்லை, நின்றுவிட்டது. இனி அவ்வப்போது போய்க் காட்டினால் போதும்.

அவள் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த பெல்ட் வேறு யாருக்கும் ஆகாது. ஆனால் அக்கா தைத்த பனியன்களில் மூன்று இன்னும் புதிதாகவே இருக்கின்றன. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பெல்ட் போடுகிற பிள்ளை யாராவது இருந்தால் டாக்டர் ஐயாவிடம் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.