வண்டிக்கு எந்த ஆயில் என்று கேட்டாயே

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று இரவு நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு மனம் ஓயவில்லை. காலையில் வண்டி புகைக்கிறது, ஆயில் குறைகிறது, 'பழைய வண்டிதானே, 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றினால் புகை நின்றுவிடும்' என்று ஊட்டியில் ஒருவர் சொன்னார் என்றாய். அவர் சொன்னபடி புகை கொஞ்சம் குறையவும் கூடும். அதுதான் எனக்குப் பயம். உதிரிபாகக் கடையில் இருபத்தெட்டு வருடம் ஆயில் விற்றவள் நான். போனில் சொன்னால் பாதியில் பாப்பா அழுவாள், நீ வைத்துவிடுவாய். எழுதியே அனுப்புகிறேன், நிதானமாகப் படி சாமி.

உன் குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இப்போது கல்லாகத்தான் இருக்கும். என்ஜின் ஆயில் அப்படி உறைந்துவிடாது. ஆனால் குளிரில் விளக்கெண்ணெய் போல இழுபட்டு ஓடும். ராத்திரி முழுக்க வண்டி நின்றால் ஆயில் பெரும்பாலும் அடியிலுள்ள சம்பில், அதாவது ஆயில் தொட்டியில், இறங்கிவிடுகிறது. நம் மாருதி 800-இல் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட் இருப்பது என்ஜினின் தலையில். காலையில் சாவியைத் திருப்பியதும் பம்பு அந்த ஆயிலை அடியிலிருந்து உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டும். அது வந்து சேரும்வரை முந்தின நாள் ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் இரும்பும் இரும்பும் உரசுகின்றன. ஆயில் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு தாமதம்.

டப்பாவில் இருக்கும் இரண்டு எண்களும் இதைத்தான் சொல்கின்றன. டபிள்யூ என்பது குளிர்காலத்துக்கான ஆங்கில எழுத்து. அதற்கு முன்னால் வரும் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு. சிறிய எண் என்றால் குளிரிலும் இளக்கமாக ஓடும். பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் அதன் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை. 40 என்றால் அதை அளக்கும் சென்டிஸ்டோக்ஸ் கணக்கில் 12.5-இலிருந்து 16.3-க்குள் இருக்க வேண்டும். 50 என்றால் 16.3-இலிருந்து 21.9 வரை. இப்போது பார்: 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 10டபிள்யூ-40 மூன்றும் சூடேறிய பிறகு ஒரே வகுப்புதான். '10 என்றால் தண்ணீர் மாதிரி இருக்கும், பழைய என்ஜினுக்குத் தாங்காது' என்று கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். காலைக் குளிரில் மட்டும்தான் அது மற்றவற்றைவிட இளக்கமாக இருக்கும். மலையேறும்போது மற்ற இரண்டும் தரும் காப்பை அதுவும் தரும்.

20டபிள்யூ ஊட்டிக்கு அறவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. மைனஸ் 15 டிகிரியில் கூட என்ஜினைச் சுழல விட வேண்டும் என்பதுதான் அந்தக் கிரேடுக்கு வைத்திருக்கும் சோதனை. வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் தை மாத உறைபனியில் அது மேலே போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதை ஸ்டார்ட் ஆகும் சத்தம் உனக்குச் சொல்லாது. இங்கே சித்திரை வெயிலில் அப்பா ஊற்றிய கிரேடையே அங்கேயும் ஊற்ற வேண்டியதில்லை. வண்டிக் கையேடு டாஷ்போர்டு அறையில் இருக்கிறது. அதில் வெப்பநிலைக் கோட்டுக்குப் பக்கத்தில் கிரேடுகளைப் பட்டை பட்டையாகப் போட்டிருப்பார்கள். 10டபிள்யூ-40 உன் ஊர்க் குளிருக்கு இடம் கொடுக்கிறதா என்று நீயே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கு.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று. அப்பாவின் அம்பாசடர் எப்படிப் போனது என்று நீ கேட்டபோதெல்லாம் 'பழையதாகிவிட்டது' என்றேன். அது புகைக்கத் தொடங்கியபோது குளிருக்கான எண்ணே இல்லாத, கெட்டியான 50 சிங்கிள் கிரேடை எடுத்துக்கொடுத்தது நான்தான். நம் கடையிலிருந்த ஆயில், என் யோசனை. இரண்டு மாதம் புகை அடங்கியது. நிம்மதியாகிவிட்டோம், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பதையும் விட்டுவிட்டோம். ஆயில் குறைந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. தொப்பூர் கணவாயில் நடுராத்திரி என்ஜின் இறுகி நின்றது. பின்னால் லாரிகள். நீ பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

அதனால் முதலில் ஆயில் எங்கே போகிறது என்று கண்டுபிடி. குன்னூர் இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் வருவாய் அல்லவா? கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது குப்பென்று நீலப்புகை வந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் வந்து பிறகு தெளிந்தால், பெரும்பாலும் வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் காய்ந்திருக்கும். என்ஜினை இறக்காமலே மாற்றலாம், பெரிய செலவில்லை. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் புகைத்துக்கொண்டே இருந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மீது சந்தேகம். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்க்கச் சொல். பிளக் ஓட்டையில் கேஜ் வைத்து ஒருமுறை, பிறகு ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இன்னொரு முறை. இரண்டாம் முறை எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது என்ஜின் வேலைக்குப் பணம் நான் தருகிறேன், தள்ளிப்போடாதே. தலையில் டக் டக் என்று சத்தம் கேட்டாலும் கெட்டி ஆயிலைத் தேடாதே, வால்வைத் தள்ளும் டப்பெட்டின் இடைவெளியைச் சரிசெய்யச் சொல்.

அங்கே ஒருவர் 15டபிள்யூ-40 என்று லாரி ஆயிலையும் நீட்டுவார். டப்பாவில் ஏ.பி.ஐ. என்று தரக்குறியீடு போட்ட இடத்தில் எஸ் எழுத்தில் தொடங்கும் பெட்ரோல் வகை இருக்கிறதா பார். சி மட்டும் இருந்தால் அது டீசலுக்கு.

டிப்ஸ்டிக் பார்ப்பதற்கும் உன் வீட்டு வாசல் ஆகாது, அது சரிவு. சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் பார். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதே. ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துவிட்டு அளவையும் கிலோமீட்டரையும் எனக்கு அனுப்பு. சிவப்பு ஆயில் விளக்கு ஐட்லிங்கில் ஒரு தடவை மினுக்கினாலும் அந்த இடத்திலேயே அணைத்துவிடு. வீடு பக்கம்தானே என்று ஓட்டாதே. பாப்பாவும் மருமகளும் வண்டியில் இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நாலு லிட்டர் டப்பாவும் பில்டரும் போட்டுவிடுகிறேன். கையேட்டைப் பார்த்து வியாழனுக்குள் கிரேடைச் சொல். ஆயில் மாற்றும்போது பழைய பில்டரை மெக்கானிக் குப்பையில் எறிந்துவிடுவார், விடாதே. தகரத்தை அறுத்து, உள்ளே இருக்கும் தாளை வெளிச்சத்தில் விரித்துப் பார். மினுமினுவென்று உலோகப் பொடி தெரிந்தால் அன்றைக்கே கூப்பிடு.

அம்மா