277 கிலோமீட்டருக்கு 925 கிலோமீட்டர் சுற்றவேண்டுமா?

ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகளுக்கும், ஏடிஆர் எனப்படும் சிறிய ரக விமானங்களை இயக்கும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து கோவை பீளமேடு விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 277 கிலோமீட்டர். ஏடிஆர் ரக விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். மேலேறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். ஆனால் டிக்கெட் தேடினால் சென்னை வழியாகப் போகச் சொல்கிறது. சென்னைக்கு 525, அங்கிருந்து கோவைக்கு 400. ஆக 925 கிலோமீட்டர். வடமேற்கே போகவேண்டியவரை வடகிழக்கே இழுத்துப்போய், அடுத்த விமானத்துக்காகக் காக்கவைத்து, பிறகு மேற்கே திருப்பி அனுப்புகிறீர்கள். பெங்களூரு வழியாகப் போனாலும் 750 கிலோமீட்டரை நெருங்கிவிடும். அதற்கு ராத்திரி பஸ்ஸே மேல் என்று எல்லோரும் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இந்தத் தடத்தில் ஆள் வருவார்களா என்று கேட்பீர்கள். நான் தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். திருப்பூர் பனியன் சரக்கும் கோவைப் பகுதி நூலும் இயந்திரங்களும் இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான் பெருமளவில் கடலேறுகின்றன. கன்டெய்னர் ஒன்று சுங்கச் சோதனையில் நின்றுவிட்டால், மறுநாள் கப்பலைப் பிடிக்க நிறுவனத்தின் ஆள் ஒருவர் ஓடி வந்தாக வேண்டும். விடிகாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பேருந்து நிலையக் குழாயில் முகம் கழுவி, சட்டைக்குள் வைத்திருந்த இன்வாய்ஸ் கசங்கியிருக்க, எங்கள் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். எதிர்த்திசையில் கோவை மருத்துவமனைகளுக்குப் போகும் நோயாளிகள். அறுவை சிகிச்சை முடிந்தவரை ஏழெட்டு மணி நேரம் சாலையில் குலுக்கிக்கொண்டு ஊர் திரும்பும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

ஓடுபாதை ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. 1,350 மீட்டர் மட்டுமே இருந்த காலத்திலேயே ஏடிஆர் இங்கே இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையத்தையும் திறந்துவிட்டீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் பெரிய ஓடுபாதை வந்தால் பெரிய ஊர்களைப் பற்றியே பேச்சு எழுகிறது. பக்கத்து ஊருக்கு வழி கேட்பவர்களை யாரும் கவனிப்பதில்லை.

சிக்கல், சிறிய ஊர்களுக்கு விமானம் விட மானியம் தரும் உங்கள் உடான் திட்டத்தின் அளவுகோலில் இருக்கிறது. விமானச் சேவை அறவே இல்லாத, அல்லது மிகக் குறைவாக உள்ள நிலையம் ஒரு முனையிலாவது இருந்தால்தான் அந்தத் தடத்துக்கு மானியம். சென்னைக்கு விமானம் போவதால் தூத்துக்குடி 'சேவை உள்ள ஊர்' ஆகிவிட்டது. கோவையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு ஊருக்கும் தனித்தனியே விமானம் உண்டு. இடையே ஒன்றும் இல்லை. மதுரைக்கும் கோவைக்கும் இடையிலும் இதே கதைதான். நிலையத்தைக் கணக்கில் எடுப்பதை விட்டு, தடத்தைக் கணக்கில் எடுங்கள்.

2025 பட்ஜெட்டில் உடான் திட்டத்தைத் திருத்தி விரிவாக்கப்போவதாக அறிவித்தீர்கள். அந்த விதிகளில் இந்த ஒரு மாற்றத்தைச் சேருங்கள். நிறுவனத்தாரும் மானியத்துக்காகக் காத்திராமல், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆறு மாதம் இயக்கிப் பாருங்கள். காலை விமானம் கோவையிலிருந்து புறப்படட்டும். சுங்க அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு வந்து, வேலையை முடித்து, அன்றிரவே வீடு திரும்ப வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஒருவன்