21 நாள் கெடு வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டை ஒட்டி உங்கள் இதழில் வந்த உடல்நலப் பக்கங்களை ஒன்றுவிடாமல் படித்தேன். காய்கறி, பழம், நடை, தூக்கம் என்று சொல்லியிருந்தவை எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் தலைப்பிலேயே, 21 நாளில் எல்லாப் பழக்கத்தையும் மாற்றிவிடலாம் என்று உறுதி கொடுத்திருந்தீர்கள். அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த 21 நாள் கணக்குக்கும் சாப்பாட்டுக்கும் ஆதியில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். அது வாய்க்கு வாய் மாறி, எந்தப் பழக்கமும் மூன்றே வாரத்தில் படிந்துவிடும் என்று ஆகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இதை உண்மையிலேயே அளந்து பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். 96 பேர் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு தம்ளர் தண்ணீர், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம், இந்த மாதிரி. யோசிக்காமலே கை அதைச் செய்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. இன்னொருவர் போகிற வேகத்துக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் இல்லை.

இதைத்தான் நீங்கள் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும். ஜனவரி கடைசியில் எத்தனை பேர் மனம் விட்டுப்போகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தாலே தெரியும். ஒரு விருந்தில் கூடுதலாகச் சாப்பிட்டிருப்பார்கள், காய்ச்சலில் நாலு நாள் நடக்கப் போயிருக்க மாட்டார்கள். “சரி, கெட்டது கெட்டுப்போச்சு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று மொத்தத்தையும் கைவிடுகிறார்கள். அவர்கள் மனஉறுதி குறைந்தவர்கள் இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும் வேலைக்கு மூன்று வாரக் கெடு கொடுத்து, அதில் முடியாதவர்களைத் தோற்றவர்களாக உணர வைக்கிறோம். அது நியாயமா?

அப்புறம், உங்கள் கட்டுரைகள் எல்லாமே ‘நீங்கள்’ என்று ஒற்றை ஆளிடம் பேசுகின்றன. சாப்பாடு ஒற்றை ஆள் விஷயமா? வீட்டில் ஒருவர் உறுதி எடுத்தால் சமைக்கிறவருக்கு வேலை இரட்டிப்பாகிறது. உறுதி எடுத்தவருக்கு எண்ணெய் குறைவாக ஒன்று, மற்றவர்களுக்கு வழக்கம்போல் ஒன்று. எத்தனை நாளைக்கு ஓடும்?

என் கணவருக்கு ரத்த அழுத்தம் ஏறியபோது டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். தனிச் சமையல் வேண்டாம், எல்லோருக்கும் சேர்த்தே குறைப்போம் என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. மேசையில் இருந்த உப்புக் குப்பி முதலில் அலமாரிக்குள் போனது. கை அளவில் அள்ளிப் போடுவதை விட்டு, உப்பு டப்பாவுக்குள்ளேயே ஒரு சின்ன அளவுக் கரண்டியைப் போட்டு வைத்தேன். ஒரேயடியாகக் குறைக்காமல், போடுகிற அளவிலிருந்து ஒரு சிட்டிகை, சில நாள் கழித்து இன்னொரு சிட்டிகை என்று இறக்கினேன். முதலில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். போகப்போக நாக்கு பழகிவிட்டது. இப்போது வெளியில் சாப்பிட்டால், “என்ன இவ்வளவு உப்பு” என்று பிள்ளைகளே கேட்கிறார்கள்.

பாக்கெட் உணவில் இன்னும் கவனம் வேண்டும். அதில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று மட்டும் போட்டிருந்தால், அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு ஆளுக்கான முழு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த 100 கிராமிலேயே போய்விடுகிறது. அந்த எண்கள் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா, அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கா என்பதையும் பார்க்க வேண்டும். அளவு குறைவு என்று நினைத்து வாங்கிய பாக்கெட்டில் மூன்று பரிமாறல் இருக்கலாம்.

பாக்கெட் உணவை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அங்கே மனஉறுதியே எடுபடுவதில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை நான்கு வாரம் தங்க வைத்து நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. இரண்டு வாரம் தொழிற்சாலையில் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். பதப்படுத்தியதைச் சாப்பிட்ட நாட்களில் அதே ஆட்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடையும் ஏறியது. அதனால் சாப்பிடும் நேரத்தில் போராடுவதைவிட வாங்கும் நேரத்திலேயே விட்டுவிடுவது எவ்வளவோ சுலபம். வீட்டில் இல்லாததை ராத்திரி பத்து மணிக்கு யாரும் பிரிக்கப் போவதில்லை.

உடற்பயிற்சி பற்றி நீங்கள் எழுதியதில் ஒன்றே ஒன்றைச் சேர்க்கலாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்ற அளவு சரிதான். ஆனால் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-ல் எடுத்துவிட்டது. படியேறுவது, வேகமாக நடந்து போய் வருவது எல்லாமே சேரும். நேரமே இல்லை என்று தவிக்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம் போடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டை விட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்த்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. உற்சாகத்தோடு ஜனவரி 1 அன்று தொடங்குகிறவர்களில் இவர்களும் இருப்பார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புத்தாண்டுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதுபோல் பிப்ரவரி நடுவிலும், மார்ச்சிலும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தொடங்கி நடுவில் விட்டவர்களைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் சிக்கல் வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். நேரம் இல்லையா, வீட்டில் ஒத்துழைப்பு இல்லையா, எடுத்துக்கொண்டதே அதிகமா என்று அவர்கள் வாயிலிருந்தே வரட்டும். அதற்கு மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் பதில் சொல்ல வையுங்கள். முதல் கடிதம் எழுத நான் தயார்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி