முதல் ஹாலோவீனுக்கு டிப் செய்யப்போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நியூஜெர்சிக்கு வந்தபின் உனக்கு இது முதல் ஹாலோவீன். தெருக்காரர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு விருந்து வைக்கிறார்கள், யார் என்ன கொண்டுவருவது என்ற பட்டியலில் ‘டிப்’ (சிப்ஸைத் தோய்த்துத் தின்னும் கெட்டியான விழுது) என்பதற்கு நேரே பெயரை எழுதிவிட்டேன், இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதியே அனுப்புகிறேன். உன்னைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கும் பயன்படட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: ஃபுட் கலர் வாங்காதே. அக்டோபர் பிறந்தாலே கடைகளில் கறுப்பும் ஆரஞ்சும் ஊதாவுமாகக் குப்பிகளை அடுக்கிவிடுவார்கள். வெள்ளை க்ரீம் சீஸில் கறுப்பைக் கலந்து வைத்தால் மேசையில் பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் அதில் ருசி என்று ஒன்றும் இருக்காது, பிள்ளைகளின் நாக்கும் பல்லும் சட்டையும்தான் கறுத்துப்போகும். ஹாலோவீனுக்கு வேண்டிய நிறம் எல்லாம் சாப்பாட்டிலேயே இருக்கிறது. கறுப்புக்குக் கறுப்பு பீன்ஸ், பச்சைக்கு அவகாடோ, ஊதாவுக்குச் சிவப்பு வெங்காயம், ஆரஞ்சுக்குச் செடர் சீஸ். அந்தச் செடரின் ஆரஞ்சும் பாலில் வருவதில்லை, அன்னாட்டோ என்கிற விதையின் சாயம். ஆனாலும் அது காலங்காலமாகச் சீஸோடு ஒட்டிவந்த நிறம் என்பதால் அதை விட்டுவிடலாம்.

நீ செய்யவேண்டியது பீன்ஸ் அடுக்கு டிப். இங்கே ‘செவன் லேயர் டிப்’ என்பார்கள். மெக்சிகோ சமையல் டெக்சாஸ் பக்கம் வந்து மாறி உருவான டெக்ஸ்-மெக்ஸ் சமையல். மெக்சிகோ சாப்பாடு என்று சொல்லிக் கொடுக்காதே, தெருவில் மெக்சிகோக்காரர்கள் இருந்தால் சிரிப்பார்கள். ஹாலோவீனுக்கு இதன் மேல் சிலந்தி வலை போடுவது இங்கே வழக்கம். இதையே நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று ராத்திரி முழுக்கப் பிள்ளைகள் மிட்டாய்தான் தின்னப்போகிறார்கள். பை தூக்கிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் பருப்பும் காயும் கொஞ்சம் வயிற்றில் இறங்கினால் நல்லது. பூசணி விழுதும் க்ரீம் சீஸும் பட்டைத்தூளும் சேர்த்து இனிப்பு டிப் ஒன்று செய்வார்கள், ருசியானதுதான். அதை நவம்பர் கடைசியில் தாங்க்ஸ்கிவிங்குக்கு வைத்துக்கொள்.

அம்மா போனில் “பேய்ப் பண்டிகைக்கெல்லாம் நாம் எதற்குச் சமைத்துக் கொடுக்கவேண்டும்?” என்று கேட்டாள் என்றாய். அவளிடம் இப்படிச் சொல். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல பரிசுத்தவான்கள் திருநாள், அதற்கு முந்தின இரவு இது. அதற்கும் முன்பே அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் சௌவின் என்று கொண்டாடியிருக்கிறார்கள். 1840களில் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது கப்பலேறி அமெரிக்கா வந்த லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் இதையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், இங்கே கைக்கு எட்டிய பூசணியைக் குடைந்தார்கள். பிழைக்க வந்த இடத்தில் ஊர்ப்பண்டிகையை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, நினைவிருக்கிறதா? என் வாசலில் அகலும் பூசணி விளக்கும் பக்கத்துப் பக்கத்தில் எரிந்தன. இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8. முறுக்கு சுட எண்ணெய் வைப்பதற்குள் இந்த வேலையை முடித்துவிடலாம்.

இனி சாமான். பன்னிரண்டு பேருக்கு ஒரு தட்டு என்று வை. ஒன்பது அங்குலத்தில் வட்டமான, கொஞ்சம் ஆழமான கண்ணாடிப் பாத்திரம் வேண்டும். வலைக்கு வட்டம்தான் அழகு, கண்ணாடி என்றால் அடுக்கு வெளியே தெரியும். ஹாஸ் ரக அவகாடோ நான்கு, கறுப்பு பீன்ஸ் 425 கிராம் கேன் இரண்டு, தக்காளி மூன்று, செடர் 226 கிராம் கட்டி ஒன்று, அதே அளவில் சவர் க்ரீம் (புளிக்கவைத்த பாலேடு) ஒரு டப்பா, விதை நீக்கிய கறுப்பு ஆலிவ் சின்ன கேன் ஒன்று, பச்சை எலுமிச்சை மூன்று, சிவப்பு வெங்காயம் ஒன்று, ஒரு கட்டுக் கொத்தமல்லி. பூண்டும் சீரகமும் உன்னிடம் இருக்கும். சிப்ஸ் மட்டும் நீல மக்காச்சோளத்தில் செய்தது வாங்கு. சோளத்திலேயே இருக்கும் நிறத்தால் அது கருநீலமாக இருக்கும், இந்த மேசைக்கென்றே செய்த மாதிரி.

சீஸைத் துருவியதாக வாங்காதே. ஒட்டாமல் இருக்க அதில் மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், வாயில் உலர்ந்த மாதிரி இருக்கும். கட்டியாக வாங்கி நீயே துருவு. நீ சைவம் என்பதால் இன்னொன்று. ‘ரீஃப்ரைடு பீன்ஸ்’ என்று மசித்தே கேனில் வருவதில் பழைய முறையில் செய்தது என்றால் பன்றிக்கொழுப்பு இருக்கும். முழு பீன்ஸ் வாங்கி நீ மசித்தால் அந்தக் கவலை இல்லை. சீஸில் விலங்கு ரென்னட் (பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது) இருக்கிறதா, சவர் க்ரீமில் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கிறதா என்றும் லேபிளைத் திருப்பிப் பார். குறைந்த கொழுப்பு என்று எழுதியிருக்கும் சவர் க்ரீமில் ஜெலட்டின் சேர்ப்பது உண்டு.

பீன்ஸிலிருந்து தொடங்கு. கேனில் இருக்கும் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு கிண்ணத்தில் வடித்து வை. வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி சீரகம், அது பொரிந்ததும் நசுக்கிய பூண்டு மூன்று பல். பூண்டு சிவக்க வேண்டாம், வாசம் வந்தால் போதும். பீன்ஸைப் போட்டு ஐந்து நிமிடம் கிளறி, ஆறவிட்டு, அரை எலுமிச்சைச் சாறோடு மிக்சியில் போடு. கெட்டியாக இருந்தால் வடித்து வைத்த கறுப்புத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அரை. பச்சைத் தண்ணீர் விட்டால் நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிடும். தோல் தட்டாமல் வெண்ணெயாக அரைபட வேண்டும், கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். ஃபுட் கலர் மாதிரிக் கன்னங்கறேல் என்று வராது. ஊதாவும் பழுப்பும் ஓடுகிற கறுப்பு அது, வெள்ளை வலைக்கு அதுதான் பொருத்தம். உப்பைக் குறைத்தே போடு. கேனில் உப்பு, சீஸில் உப்பு, சிப்ஸில் உப்பு. எந்த அடுக்கையும் விரலில் தொட்டு ருசி பார்க்காதே, சிப்ஸில் எடுத்துப் பார்.

தக்காளியை நறுக்கும்போது விதையையும் சதைச்சாற்றையும் வழித்துவிட்டுப் பொடியாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் சல்லடையில் கால்மணி நேரம் விடு. அடியில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று நீயே பார்ப்பாய். அது வெளியேறாவிட்டால் விருந்து நடுவில் பாத்திரத்துக்குள் குளம் கட்டும்.

அவகாடோதான் எல்லாரும் திணறுகிற இடம். வெட்டிய பழத்தில் இருக்கும் ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சதையைப் பழுப்பாக்கும், கத்திரிக்காய் வெட்டினால் கறுப்பது இதே காரணத்தால்தான். எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியைத் தளர்த்தும், முழுக்க நிறுத்தாது. கொட்டையை நடுவில் வைத்தால் கறுக்காது என்பார்கள், கொட்டை மூடியிருக்கும் இடம் மட்டும்தான் பச்சையாக இருக்கும். காற்றுப் படாமல் மூடுவதுதான் வழி. இங்கே பெரும்பாலும் அவகாடோவை மேலே பரப்பி அதன்மேல் வலை போடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஓரம் மங்க ஆரம்பித்துவிடும், பச்சை நிறத்துக்காகச் செய்த வேலை அதோடு போச்சு. நான் அதை அடிக்குக் கொண்டுபோய்விடுவேன். கீழே கண்ணாடி, மேலே மூன்று அடுக்கு, காற்றுக்கு வழியே இல்லை. பழத்தை முள்கரண்டியால் பருபருவென்று மசி, மிக்சி வேண்டாம். ஒன்றரை எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய பாதி வெங்காயம், கொத்தமல்லி, உப்பு. காரம் போடாதே. ஹலபீன்யோ மிளகாயை நறுக்கிப் பெரியவர்களுக்குத் தனிக் கிண்ணத்தில் வை.

அடுக்குவது சுலபம். அடியில் அவகாடோவைச் சமமாகப் பரப்பி, பாத்திரத்தின் சுவரோரம் இடைவெளி விழாமல் கரண்டியால் அழுத்து. அதன்மேல் தக்காளி. பிறகு துருவிய செடரில் முக்கால் பங்கைத் தூவி லேசாக அமுக்கு. இந்தச் சீஸ் இல்லாமல் பீன்ஸைத் தடவப் போனால் தக்காளி கரண்டியோடு கிளம்பி வந்துவிடும். கடைசியில் பீன்ஸ் விழுதை அங்கங்கே குவியலாக வைத்து, ஈரக் கரண்டியின் முதுகால் இணைத்துவிடு. பிளாஸ்டிக் உறையை விழுதைத் தொட்டபடி ஒட்டி மூடி ஃப்ரிட்ஜில் வை. முதல்நாள் ராத்திரியே இதுவரை முடித்துவிடலாம். வலையை மட்டும் கிளம்புவதற்கு முன்பு போடு, சீக்கிரம் போட்டால் சவர் க்ரீம் நீர் விட்டு ஓரங்கள் கலையும்.

வலைக்கு அரை கப் சவர் க்ரீமை ஒரு தேக்கரண்டி பால் விட்டு அடித்து, ஜிப்லாக் கவரில் நிரப்பி, மூலையில் தீக்குச்சி கனத்துக்குக் கத்தரி. வட்டம் வட்டமாகப் போட்டுப் பல்குத்தும் குச்சியால் இழுக்கச் சொல்வார்கள். அது கேக் மேல் சரிவரும், பீன்ஸில் குச்சி விழுதையும் சேர்த்து உழுதுவிடும். நடுவிலிருந்து விளிம்புக்கு எட்டுக் கோடு இழுத்துக்கொள். அடுத்தடுத்த கோடுகளை வளைவால் இணை. வளைவு நடுவைப் பார்த்துத் தொய்ந்திருக்கட்டும். வெளியே பிதுங்கினால் பூவாகத் தெரியும், உள்ளே தொய்ந்தால்தான் வலை. கவரைக் கொஞ்சம் உயரத்தில் பிடித்து இழையை விழவிடு. வாசலில் மாக்கோலம் இழுத்த கைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

மிச்சச் செடரை விளிம்பு முழுக்க ஆரஞ்சு வளையமாகத் தூவு. சிலந்தி அந்த ஆரஞ்சின் மேல் உட்காரட்டும், கறுப்பு பீன்ஸில் கறுப்பு ஆலிவ் தெரியாது. ஆலிவை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் ஒரு பாதி உடம்பு. மறு பாதியைக் குறுக்கே மெல்லிசாக நறுக்கினால் வரும் பிறைத்துண்டுகள் கால், பக்கத்துக்கு நான்கு. சிலந்திக்கு எட்டுக் கால், பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று சிலந்தி போதும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் சிலந்தியும் பொம்மைக் கண்ணும் சாப்பாட்டின் மேல் வேண்டவே வேண்டாம், சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள், தொண்டையில் சிக்கும். புகை கிளம்ப உலர்பனி (டிரை ஐஸ்) கொண்டுவந்து யாராவது உன் பாத்திரத்தடியில் வைக்கட்டுமா என்றால் மறுத்துவிடு. அது மைனஸ் 78 டிகிரி, தொட்டால் தோல் வெந்தமாதிரி ஆகிவிடும்.

ஒவ்வாமையை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, நீயும் எடுத்துக்கொள்ளாதே. சில வாசல்களில் நீலப்பச்சை நிறப் பூசணி இருக்கும், அந்த வீட்டில் மிட்டாய்க்குப் பதில் பொம்மையோ பென்சிலோ கிடைக்கும் என்று அடையாளம். உன் டிப்பில் முட்டை, கோதுமை, நிலக்கடலை எதுவும் இல்லை. கடையில் ஹம்மஸ் (கொண்டைக்கடலை விழுது) வாங்கி வைத்தால் அதில் எள் இருக்கும். 2023 முதல் இங்கே எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது. உன்னுடையதில் பால் மட்டும் உண்டு. ஆகவே அவகாடோ, தக்காளி, பீன்ஸ் மூன்றையும் மட்டும் அடுக்கிச் சின்னக் கிண்ணம் ஒன்று தனியாக எடுத்து வை, அதற்கென்று தனிக் கரண்டி. சிப்ஸ் பொட்டலத்தின் லேபிளையும் படித்துவிட்டு, என்னென்ன சேர்த்திருக்கிறாய் என்று ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் பக்கத்தில் நிறுத்து. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஒரு விருந்தில் தொடக்கூடியது பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். அதில் ஒன்று வலை போட்டதாக இருந்தால் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். அதனால் அந்தக் கிண்ணத்துக்கும் வலை போடு, பாலில்லாத தேங்காய்த் தயிரில்.

வெளியில் எடுத்து வைத்தபின் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். ஆகவே ஒரே பெரிய தட்டாகச் செய்யாதே. இரண்டாகச் செய்து ஒன்றை மேசையில், ஐஸ் பரப்பிய ட்ரேயின் மேல் வை. மற்றது வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், முதலாவது தீர்ந்ததும் எடுத்துவரலாம். இரண்டு மணி நேரம் தாண்டி மிஞ்சியதை மனசு கேட்காமல் மறுநாளைக்கு எடுத்து வைக்காதே.

31 சனிக்கிழமை. அவகாடோவை 27, 28 வாக்கில் கெட்டியாகவே வாங்கு, கடைசி நாளில் கடையில் கல்லும் கூழும்தான் மிச்சம் இருக்கும். உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார், விரலால் குத்தினால் அந்த இடம் உள்ளே கறுத்துவிடும். வெள்ளிக்கிழமை காலையிலும் இளகாவிட்டால் வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டுச் சுருட்டி வை. காம்பை நெம்பிப் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்: அடியில் பச்சையாக இருந்தால் வெட்டலாம், பழுப்பாக இருந்தால் அதைத் தள்ளிவைத்து அடுத்ததைப் பார். அடுக்கி முடித்ததும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு, எந்த அடுக்கு கனம், எது மெலிவு என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா