நண்டின் மீது பழி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அலையாத்திக் கன்று நடும் விழா பற்றிய செய்தியைத் தொடர்ந்து வெளியான வாசகர் கடிதத்தில், நட்ட கன்றுகளை நண்டுகள் கடித்துவிடுவதால் முதலில் அவற்றை ஒழிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளையில் குடியிருப்பவன் என்ற முறையில் பதில் சொல்லத் தோன்றியது.

கடிப்பது உண்மைதான். அலையாத்தி மரங்களில் ஒரு வகையான வெண்கண்டலின் விதை என்றால் நண்டு விடாது. இன்னொரு வகையான சுரபுன்னையின், மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீண்ட முளைக்காயை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. அதற்காக நண்டையே காட்டைவிட்டுத் துரத்திவிட முடியுமா?

நீர் வற்றிய நேரத்தில் கரையோரச் சேற்றை மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றத்துடன் வரும். நண்டு வளை போகும் இடத்தில் மட்டும் வளையின் சுவர் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருக்கும். காற்றும் ஓத நீரும் (கடல் ஏறும்போது உள்ளே வரும் நீர்) அதுவரை இறங்கியிருக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். வேரைச் சுற்றித் தேங்கும் உப்பையும் நச்சு சல்பைடையும் அந்த நீர் அலசிக்கொண்டு போகிறது. ஆஸ்திரேலியாவில் நண்டுகளை அகற்றிப் பார்த்த ஆய்வு 1991-இல் வெளியானது. அகற்றிய இடத்தில் மண்ணில் சல்பைடு கூடியது, மரங்களின் வளர்ச்சி குறைந்தது.

உதிர்ந்த பழுப்பிலையை நண்டு வளைக்குள் இழுத்துப் போவதையும் இங்கே காணலாம். இலை குறுக்கே மாட்டிக்கொண்டால் விட்டுவிட்டு, காம்புப் பக்கம் போய்ப் பிடித்து இழுக்கும். கெட்டிக்காரப் பிராணி! இழுக்காவிட்டால் அந்த இலையை ஓதம் கடலுக்குக் கொண்டுபோய்விடும். இழுப்பதால் அதன் சத்து காட்டு மண்ணிலேயே தங்குகிறது.

பிச்சாவரத்தில் காடு அழிந்ததற்கு நண்டு காரணமில்லை. பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்தது. தேங்கிய நீர் வெயிலில் வற்றி உப்பு ஏறியது. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வாய்க்கால் வெட்டி ஓத நீரை உள்ளே விட்ட பிறகே அங்கே பச்சை திரும்பியது. அந்த வாய்க்கால் வேலையைத்தான் நண்டு சிறிய அளவில் அன்றாடம் செய்கிறது.

நண்டு மிகுந்த இடத்தில் விதையை ஊன்றாமல் நாற்றங்காலில் வளர்ந்த கன்றை நடலாம். விழாக் கூட்டம் வளைகளை மிதித்து மூடாமல் நடைபாதை ஒதுக்கலாம். தங்கள் நிருபர்களும் எத்தனை ஆயிரம் கன்று நட்டார்கள் என்பதோடு, ஓராண்டு கழித்துப் போய் எத்தனை பிழைத்தன, அங்கே நண்டு வளை இருக்கிறதா என்பதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

வாசகர்,
கிள்ளை, கடலூர் மாவட்டம்