நான் காப்பாற்றிய கிழவருக்கு என்னைத் தெரியவில்லை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: விளம்பரத்துக்கு மாறான கேம் – திருத்தம் அல்லது பணம் கோருதல்

ஐயா / அம்மா, வணக்கம்.

பொங்கல் விடுமுறையில் நாமே ஒரு பாத்திரமாகி ஆடும் உங்கள் ரோல்-பிளேயிங் கேமை 2,499 ரூபாய்க்கு வாங்கினேன். ‘உங்கள் ஒவ்வொரு முடிவும் கதையை மாற்றும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். சண்டையிலோ கிராபிக்ஸிலோ குறையில்லை.

முதல் ஊரில் உப்பு விற்கும் கிழவர் மேல் திருட்டுப் பழி. சேர்த்து வைத்த 400 பொற்காசையும் கட்டி அவரை மீட்டேன். கையில் காசில்லாமல் அடுத்த 10 மணி நேரம் உடைந்த கேடயத்தோடு அல்லாடினேன். வருத்தமில்லை, அந்த மனுஷன் பிழைத்தாரே என்றிருந்தது. வளவில், அதாவது எங்கள் வீட்டு உள்முற்றத்தில், எனக்கெதிரே உட்கார்ந்து தம்பியும் தன் லேப்டாப்பில் ஆடினான். அவன் கிழவரைக் காவலரிடம் பிடித்துக் கொடுத்து வெகுமதி வாங்கினான். அவன் ஆட்டத்தில் கிழவரைத் தூக்கில் போட்டார்கள்.

30 மணி நேரம் கழித்து இருவரும் துறைமுகத்துக்கு வந்தோம். என் திரையில் அதே கிழவர்: “யாரப்பா நீ? இந்தப் பக்கம் பார்த்ததில்லையே.” தம்பி திரையில் கிழவரின் மகன். அதே வசனம், அதே இடத்தில் அதே இருமல். தம்பி இயர்போனைக் கழற்றிவிட்டு, “அப்ப நீ கட்டுன காசு எங்கண்ணே போச்சு?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

கிளை பிரியும் கதை கடைசிவரை பிரிந்தே போக முடியாது என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு கிளைக்கும் தனியாக எழுதி, குரல் பதிந்து, காட்சி அமைக்கச் செலவு கட்டாது. கொஞ்ச தூரம் பிரித்துவிட்டு மறுபடி சேர்ப்பார்கள். அது தப்பில்லை. நான் கேட்பது ஞாபகம் மட்டும்: ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் சேவ் ஃபைலில் ஒரு குறி, அதைப் பார்த்து மாறும் இரண்டு வரி வசனம். 2015இல் வந்த அண்டர்டேல் என்ற கேமைப் பெரும்பாலும் டோபி ஃபாக்ஸ் ஒருவரே செய்தார். அதில் ஒருவரைக் கொன்றுவிட்டு, பழைய சேவுக்குத் திரும்பிப் போய்க் காப்பாற்றினாலும், முன்பு செய்ததைச் சொல்லிக் காட்ட ஒரு பாத்திரம் உண்டு.

எங்கள் வீட்டில் வளவைச் சுற்றி வரிசையாகக் கதவுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளியின், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடியின், அறை. உங்கள் கேமில் எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரே அறைதான்.

2 மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டதால் பணம் வராது என்று உங்கள் ஆட்கள் எழுதினார்கள். 30 மணி நேரத்துக்குப் பிறகு தெரியவரும் குறையை 2 மணியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

2012 மார்ச்சில் மாஸ் எஃபெக்ட் 3 என்ற கேமின் முடிவைப் பார்த்து ஆடியவர்கள் கொதித்தபோது, அதைச் செய்தவர்கள் அந்த ஜூனிலேயே விரிவாக்கிய முடிவை இலவசமாகத் தந்தார்கள். நீங்களும் ஒரு அப்டேட்டில் கிழவருக்கு என்னை ஞாபகப்படுத்துங்கள். இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தந்து, அந்த விளம்பர வரியை எடுத்துவிடுங்கள். நாங்கள் இருவரும் ஆட்டத்தைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், காரைக்குடி